பிடித்திருக்கிறது என்றால் பெய்யும் மழை

செவ்வூரணிக்கும் மழைக்கும் பெரிய பழக்கம் எதுவும் இருந்ததில்லை, எப்போதாவது ஐப்பசியில் ஒரு மேகம் வந்து எட்டிப் பார்த்துவிட்டு ராமேஸ்வரத்துப் பக்கம் போய்விடும் என்பதைத் தவிர. அதனால் தை மாதத்து மொட்டை வெயிலில், மதுரை பஸ்ஸிலிருந்து பையோடு இறங்கிய தர்மமுனீஸ்வரன் சீனி நைனாவின் டீக்கடை வாசலில் நின்று ஒரே ஒரு வாக்கியம் சொல்ல, அந்த வாக்கியம் முடிவதற்குள் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியபோது, கடையில் இருந்தவர்கள் முதலில் வானத்தைப் பார்க்கவில்லை, மாடியிலிருந்து எவன் தண்ணீரைக் கொட்டினான் என்றுதான் பார்த்தார்கள்.

சீனி நைனா கேட்டது எல்லோரும் கேட்கிற கேள்விதான்.

"என்ன மாப்ளே, படிப்பெல்லாம் எப்படிப் போகுது? தமிழு புடிச்சிருக்கா?"

"ரொம்பப் புடிச்சிருக்கு மாமா" என்றான் தர்மமுனீஸ்வரன்.

அது பொய். கல்லூரியில் சேர்ந்த இரண்டாம் வாரத்திலேயே அவனுக்குத் தெரிந்துபோன, ஆனால் யாரிடமாவது சொல்ல நினைத்தாலே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிற பொய். பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் பிரிவில் ஒழுங்காகப் படித்துக்கொண்டிருந்தவன் தமிழ் இலக்கியத்தில் போய் விழுந்ததற்குக் காரணம் ஒரு கவிதை, அந்தக் கவிதைக்குக் காரணம் அறுந்துபோன ஒரு செருப்பு. மாவட்டக் கவிதைப் போட்டிக்கு ஒருவனாவது எழுதியே தீரவேண்டும் என்று தலைமையாசிரியர் வராந்தாவில் ஆள் பிடித்துக்கொண்டு வந்தபோது மற்றவர்கள் எல்லாம் ஓடிவிட, வார் அறுந்த செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற இவன் அகப்பட்டான். சாப்பாட்டு மணிக்கும் அடுத்த மணிக்கும் இடையில், முகிலுக்கு எதுகையாகத் துகிலையும் அகிலையும் போட்டு, வறண்ட நிலத்தைத் தாய் என்றும் வராத மழையைத் தந்தை என்றும் திட்டி, சீர் ஒன்று குறைந்த இடத்தில் எல்லாம் 'அன்றோ' என்று சேர்த்து அவன் எழுதிக் கொடுத்த கவிதைக்கு மாவட்டத்திலேயே முதல் பரிசு கிடைத்தது. பரிசு ஒரு எவர்சில்வர் டிபன் கேரியர். அதோடு நின்றிருந்தால் சோறு கட்டிக்கொண்டு போயிருக்கலாம். ஊர் விடவில்லை. பஸ் ஸ்டாண்டு எதிரில் 'மழைக்கவி தர்மமுனீஸ்வரன்' என்று இரண்டு ஆள் உயரத்துக்கு ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். அதில் அவன் மோவாயில் கை வைத்து யோசித்துக்கொண்டிருந்தான். அந்தக் கை அவனுடையது இல்லை, ஃப்ளெக்ஸ் அடித்த கடைக்காரர் வேறு யாருடைய படத்திலிருந்தோ வெட்டி ஒட்டியது. இரண்டு ஆள் உயரத்துக்கு யோசித்த ஒருவன் அதற்குப் பிறகு வேதியியல் படிக்கப் போகிறேன் என்று சொல்ல முடியுமா? சொல்லவில்லை. அடுத்தவன் கை காட்டிய திசையில் மதுரைக்குப் போய் பி.ஏ. தமிழில் சேர்ந்துவிட்டான்.

அங்கே நேரசை நிரையசை பிரிக்கிற வகுப்பில் அவனுக்குக் கொட்டாவி வந்தது, கொட்டாவியை அடக்கினால் கண்ணில் தண்ணீர் வந்தது, கண்ணில் தண்ணீரைப் பார்த்த பேராசிரியர் 'இவனல்லவோ ரசிகன்' என்று அவனை முதல் வரிசைக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். இப்படியே போயிருக்கும், அறைத்தோழன் கட்டிலில் மறந்துவிட்டுப் போன வெள்ளைக் கோட்டைக் கொடுப்பதற்காக ஒருநாள் அவன் விலங்கியல் ஆய்வுக்கூடத்துக்குள் நுழையாமல் இருந்திருந்தால். ஜன்னலோர மேசையில் யாரோ பார்த்துவிட்டு அப்படியே விட்டுப்போன நுண்ணோக்கியில், சும்மா, வந்ததற்கு ஒரு தரம் என்று கண்ணை வைத்தான். கொசுப்புழு. கண்ணாடியால் செய்தது மாதிரி உடம்பு, உள்ளே முதுகு நெடுக ஒரு குழாய், அந்தக் குழாய் துடித்துக்கொண்டிருந்தது, பார்த்துக்கொண்டே இருந்தான், துடித்துக்கொண்டே இருந்தது. நிமிர்ந்தபோது விடுதியில் மதியச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். துறைத் தலைவர் ஜெபக்கனி கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"நீ எந்த கிளாஸ்?"

"தமிழ் மேடம்."

"இங்க என்ன பண்ற?"

"சும்மா மேடம்."

"அது செத்துப் போச்சுன்னா நான் வேற புடிக்கணும். வெளக்கை அணைச்சிட்டுப் போ" என்றார் அவர்.

அன்றிலிருந்து அவன் அந்த ஜன்னலுக்கு வெளியே நடமாடினான். கரப்பான்பூச்சியின் வாயை ஆறேழு துண்டாகப் பிரித்துக் கண்ணாடித் தகட்டில் பரப்புகிறார்கள் என்று கேள்விப்பட்ட ராத்திரி அவனுக்குத் தூக்கம் வரவில்லை. காதலிக்காகத் தூங்காமல் இருந்த கவிஞர்களை எல்லாம் பாடத்தில் படித்துவிட்டு, தான் ஒரு கரப்பான்பூச்சிக்காக விழித்துக் கிடப்பதை நினைத்து அவனே போர்வைக்குள் சிரித்துக்கொண்டான்.

இதெல்லாம் சீனி நைனாவிடம் சொல்லக்கூடியது இல்லை. அதனால்தான் 'ரொம்பப் புடிச்சிருக்கு.' அதனால்தான் மழை.

அதற்கடுத்து முடிவெட்டப் போன இடத்தில் பெய்தது, ரேஷன் கடை வரிசையில் பெய்தது, அத்தை வீட்டு வாசலில் அத்தைக்கு மட்டும் பெய்து பக்கத்து வீட்டுக்குப் பெய்யாமல் விட்டது. இதற்கெல்லாம் பொருள் என்ன என்று முதலில் கண்டுபிடித்தது அவன் அம்மா பஞ்சவர்ணம். காரணம், துணி. இவன் வந்ததிலிருந்து கொடியில் போட்ட துணி காயவே இல்லை. பொங்கல் லீவு முடிகிற அன்று அவள் கொடியில் கிடந்ததை எல்லாம் அள்ளி உள்ளே போட்டாள், முற்றத்தில் காய்ந்த மிளகாயைச் சாக்கால் மூடினாள், அதன் பிறகு வந்து மகன் எதிரே தகரக் கொட்டகையின் கீழ் உட்கார்ந்தாள்.

"முனீசு, எம் மூஞ்சியப் பாத்துச் சொல்லு. படிப்பு புடிச்சிருக்கா?"

"புடிச்சிருக்கும்மா."

தகரத்தில் சடசடவென்று விழுந்தது. அவள் மேலே பார்த்தாள், மகனைப் பார்த்தாள்.

"புடிக்கலன்னு சொல்லு, பாப்போம்."

அவன் தரையைக் கீறிக்கொண்டே, "புடிக்கலம்மா" என்றான்.

மழை நின்றது. யாரோ குழாயை மூடியது மாதிரி நின்றது. கூரை விளிம்பில் சொட்டுகிற சத்தத்தில் அம்மாவும் மகனும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருந்தார்கள். 'ஏன்டா புடிக்கல' என்று கேட்பாள், கரப்பான்பூச்சி வரைக்கும் சொல்லிவிடலாம் என்று அவன் தயாரானான். பஞ்சவர்ணம் எழுந்து உள்ளே போனாள். வீட்டில் இருந்த அண்டா, குண்டான், குடம், வாளி, பரிசு வாங்கிய டிபன் கேரியரின் அடுக்குகள் உட்பட எல்லாவற்றையும் முற்றத்தில் வரிசையாக வைத்தாள்.

"இன்னொரு மட்டம் புடிச்சிருக்குன்னு சொல்லு" என்றாள். "அண்டா நெறையட்டும்."

அவளைக் குறை சொல்ல முடியாது. செவ்வூரணியில் குழாய் இருந்தது, தண்ணீர் இல்லை. ஊர் நடுவே கல்படிகளோடு ஊரணி இருந்தது, அதில் பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள். குடிக்கிற தண்ணீர் லாரியில் வந்தது. அந்த லாரியை ஓட்டியது தர்மமுனீஸ்வரனின் அப்பா பூவலிங்கம்தான் என்றாலும், லாரிக்காரன் பெண்டாட்டி வரிசையை முறிக்கிறாள் என்று பேச்சு வந்துவிடக் கூடாதே என்று பஞ்சவர்ணம் எப்போதும் கடைசியில் நின்றாள். கடைசியில் நின்றவளுக்குக் கிடைத்தது எப்போதும் கலங்கல்.

ஊர் மழையை எப்படி எடுத்துக்கொண்டது என்பதைச் சொல்ல வேண்டும். பேரூராட்சித் தலைவி திலகராணி நேரில் வந்து, ஒரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டு, ஒரு தரம் நனைந்து, ஈரச் சேலையைப் பிழிந்தபடியே காரணத்தை அறிவித்தார்: தம்பி தமிழ்மேல் வைத்திருக்கிற பற்றுக்கு வானமே இரங்குகிறது. வேறு காரணம் யாருக்கும் தோன்றவில்லை, தோன்ற வேண்டிய அவசியமும் இல்லை. பஸ் ஸ்டாண்டில் பழைய ஃப்ளெக்ஸை எடுத்துவிட்டுப் புதிது வைத்தார்கள். இந்த முறை இரண்டு கைகளும் அவனுடையவை இல்லை. அவன் சொல்வது எவ்வளவு தூரம் காதில் விழுகிறதோ அவ்வளவு தூரம்தான் பெய்கிறது என்று தெரிந்ததும், ஊரணிக் கரையில் மைக்செட் கட்டி நாலு திசைக்கும் குழாய் ஸ்பீக்கர் வைத்தார்கள். கல்லூரியிலிருந்து வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவனைக் கூட்டி வருவது, சனிக்கிழமை காலையில் கரையில் நிறுத்துவது, அவன் தமிழ்ப் படிப்பின் அருமையைச் சொல்வது, எல்லோரும் குடையைப் பிடித்துக்கொண்டு கேட்பது என்று ஆகிவிட்டது. 'பரவாயில்லை' என்றால் தூறல். 'நல்லாருக்கு' என்றால் அரைமணி நேரம். 'தமிழ் இல்லாவிட்டால் செத்துவிடுவேன்' என்றால் ஆலங்கட்டி. ஒரு தரம் சொல்லி, சீனி நைனா கடை ஓடு உடைந்ததும், அந்த வாக்கியத்தைக் கோடைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று.

மழை வேண்டாம் என்றவர்களும் இருந்தார்கள். வடகம் காயப்போட்ட பெண்கள் அவனைத் தெருமுனையில் கண்டதும் "முனீசு வாரான், யாரும் படிப்பப் பத்திக் கேக்காதீக!" என்று குரல் கொடுத்தார்கள். கடற்கரைப் பக்கத்து உப்பளக்காரர்கள் பழத்தட்டோடு வந்து, எங்கள் பக்கம் வந்தால் தமிழைத் தவிர எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசுங்கள் என்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள். கல்யாண வீடுகளில் அவனைப் பந்தியில் முதலில் உட்கார்த்தி வாய் நிறைய லட்டைக் கொடுத்து, வாய் காலியாவதற்குள் வாசல் வரை வந்து வழியனுப்பினார்கள்.

அவன் நன்றாகத்தான் பேசினான். அதுதான் அவனுக்கே வெட்கமாக இருந்தது. கவிதையில் வராத உணர்ச்சியெல்லாம் பொய்யில் வந்தது, குரல் தழுதழுத்தது, கூட்டத்தில் இரண்டொருவர் கண்ணைத் துடைத்தார்கள். ஒரே ஒரு வாரம் தடுமாறிவிட்டது. அந்த வாரம் வகுப்பில் பேராசிரியர் பழைய பாட்டு ஒன்றை வாசித்தபோது, இவன் அறியாமல் மனசு கொஞ்சம் இளகிவிட்டது. அந்தச் சனிக்கிழமை வெறும் தூறலோடு போயிற்று. ஊரே கவலைப்பட்டது, உடம்புக்கு என்ன என்று கேட்டது, கஷாயம் வைத்துக் கொடுத்தது. பிடித்ததைப் படிக்கத்தான் முடியவில்லை, பிடிக்காததை ஒழுங்காக வெறுக்கக்கூடத் தனக்கு வரவில்லையே என்று அவன் கஷாயத்தைக் குடித்தபடி நொந்துகொண்டான்.

அப்பா பூவலிங்கம் மட்டும் அவனிடம் எதையும் கேட்கவில்லை. தண்ணீர் லாரிக்கு வேலை இல்லாமல் போனதால் மைக்செட்டை ஏற்றி இறக்க அதைக் கொடுத்திருந்தார். ஒரு சனிக்கிழமை, ஸ்பீக்கர்களோடு திரும்பி வரும்போது, ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"மூணு வருசம் முடிஞ்சதும் எம்.ஏ.வும் தமிழ்தானாம். அதுக்கு மேல பி.எச்.டி.யாம். தலைவி சொன்னாக. பொண்ணுகூட தமிழ் டீச்சராப் பாத்துருவோம், வீட்லயே பேச்சு நடக்கும்னாக."

"நீங்க என்னப்பா சொன்னீங்க?"

"நான் என்னத்தச் சொல்ல? ஊருக்கு நல்லதுன்னா நல்லதுதான்" என்றவர், கண்ணாடியில் வழிந்த தண்ணீரை வைப்பர் போட்டுத் துடைத்தார்.

ஊரணியில் முதலில் பாதம் நனைந்தது, பிறகு முழங்கால், பிறகு கல்படி ஒவ்வொன்றாக உள்ளே போயிற்று. பங்குனி வாக்கில் ஒரு மத்தியானம் அந்த வழியாக வந்தவன், கரையில் பெண்கள் கூட்டமாக உட்கார்ந்திருப்பதையும், நடுவில் அம்மா சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் காலை விட்டு ஆட்டிக்கொண்டிருப்பதையும், யாரோ சொன்னதற்கு வாயைத் திறந்து தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிப்பதையும் பார்த்தான். பட்டப்பகலில் அம்மா சும்மா உட்கார்ந்து அவன் பார்த்ததே இல்லை. மரத்துக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, செருப்புச் சத்தம் கேட்காமல் திரும்பிப் போனான். சரி, தமிழே படித்துத் தொலைப்போம் என்று அன்றைக்கு முடிவெடுத்தான். மறுநாள் கல்லூரிக்குப் போய், கால் தானாக விலங்கியல் ஜன்னலுக்குப் போய் நின்றதும், அந்த முடிவு அவனை விட்டுப் போயிற்று.

அந்த வார வெள்ளிக்கிழமை, ஜன்னலுக்குள்ளிருந்து ஜெபக்கனி கூப்பிட்டார்.

"ஏய் தமிழ், உள்ள வா. இங்க ஒரு பையன் போலீஸ் வேலை கெடைச்சுப் போயிட்டான். ஒரு எடம் காலி. பிரின்சிபால்கிட்ட உனக்காகப் பேசியிருக்கேன்."

"எனக்காகவா மேடம்?"

"பின்ன? இத்தனை மாசமா என் ஜன்னல்ல வெளிச்சத்த மறைச்சுக்கிட்டு நிக்கிறது வேற யாரு? விட்ட பாடமெல்லாம் நீயே படிச்சுத் தேறணும், கஷ்டம். திங்கக்கெழமைக்குள்ள அப்பாவோ அம்மாவோ ஒருத்தர் வந்து கையெழுத்துப் போடணும். அதுக்கு மேல எடம் இல்ல."

திங்கட்கிழமைக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை செவ்வூரணியில் ஊரணி நிறைவு விழா இருந்தது. இன்னும் மேல்படிகள் இரண்டு நனையாமல் பாக்கி; அவற்றையும் நிறைத்துவிட்டால் அடுத்த வருஷம் வரை தாங்கும் என்று, பந்தல் போட்டு, வாழைமரம் கட்டி, பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் கூட்டத்தைக் கூட்டியிருந்தார்கள். இரண்டு நாளும் அவன் சோற்றைப் பிசைந்தான், சாப்பிடவில்லை. பொய் சொன்னால் கையெழுத்துக் கேட்க முடியாது, உண்மை சொன்னால் படி நனையாது. பொய்யைச் சொல்லிவிட்டு ரகசியமாக மாறிவிடலாம் என்றும் யோசித்தான். விலங்கியல் படித்துக்கொண்டே தமிழ் படிப்பதாக வாழ்நாள் முழுக்க மைக்கில் நடித்தால், முதலில் அடுத்தவன் கை, அப்புறம் அடுத்தவன் வாய், கடைசியில் ஃப்ளெக்ஸில் தன்னுடையது என்று மூக்கு மட்டும்தான் மிஞ்சும் என்று தோன்றியது.

மேடையில் ஏற்றி மாலை போட்டார்கள். குடைகள் விரிந்தன. திலகராணி மைக்கை அவன் உயரத்துக்குச் சரிசெய்து, "நல்லா உணர்ச்சியாச் சொல்லு தம்பி" என்று காதில் சொன்னார்.

"எனக்கு" என்றான். ஸ்பீக்கர் நாலும் 'எனக்கு' என்றன. "எனக்குத் தமிழ் படிக்கப் பிடிக்கல."

குடைக்குக் கீழே யாரும் அசையவில்லை. வானம் பளிச்சென்று இருந்தது, வெயில் இன்னும் கொஞ்சம் ஏறினது மாதிரிகூட இருந்தது.

"ஆரம்பத்திலேர்ந்தே பிடிக்கல. பிடிச்சிருக்குன்னு சொன்னதெல்லாம் பொய். பொய்யின்னாத்தான் பெய்யும். நான் விலங்கியல் மாறப்போறேன். பூச்சி, புழு, அதெல்லாம் படிக்கப்போறேன்."

முதலில் வாய் திறந்தது சீனி நைனாதான். "அப்ப இம்புட்டு நாளாப் பொய்யில பெஞ்ச தண்ணியிலயா நான் டீ போட்டேன்?"

"டீ நல்லாத்தானய்யா இருந்துச்சு" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"பூச்சியா? பூச்சியப் படிச்சு என்ன செய்வான்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். திலகராணி மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு கெஞ்சினார்: "தம்பி, ரெண்டே படி. ஒரே ஒரு தரம் புடிச்சிருக்குன்னு சொல்லிரு. அப்பறம் நீ பூச்சியப் படி, பாம்பப் படி, ஊர் கேக்காது."

அவனுக்கும் பாவமாக இருந்தது. "எனக்குத் தமிழ் ரொம்பப் பிடிக்கும்" என்று சொல்லிப் பார்த்தான். குரல் தழுதழுக்கவில்லை. ஒரு சொட்டு விழவில்லை. உண்மையைச் சொல்லிவிட்ட வாயில் அந்த வாக்கியம் ஒட்டாமல் கழன்று விழுந்தது. கூட்டத்தில் குடைகளை மடக்குகிற சத்தம், ஒவ்வொன்றாக, அவனுக்கு அறை விழுகிற மாதிரி கேட்டது.

அப்போது பஞ்சவர்ணம் மேடையில் ஏறினாள். ஏறின வேகத்தைப் பார்த்து, பலபேர் முன்னால் அடி விழப்போகிறது என்று நினைத்து அவன் மாலையோடு ஓர் அடி பின்வாங்கினான். அவள் மைக்கைப் பிடித்தாள். அதற்கு முன் மைக் பிடித்தவள் இல்லை. ரொம்பக் கிட்டத்தில் வைத்துக்கொண்டு பேசினாள்.

"எம் மகன் பூச்சி படிக்கப்போறான். எனக்கு ரொம்பச் சந்தோசம்."

தர்மமுனீஸ்வரனுக்கு நெஞ்சில் எங்கேயோ ஒரு கதவு திறந்த மாதிரி இருந்தது. கண்ணை மூடித் திறக்கிற நேரம்தான் இருந்தது. மைக் மேல் ஒரு சொட்டு விழுந்து 'டப்' என்றது. அடுத்த சொட்டு அவன் மூக்கில் விழுந்தது. அதற்கடுத்து, ஆலங்கட்டி வாக்கியத்துக்குக்கூடப் பெய்யாத மழை, பந்தலைக் கிழித்துக்கொண்டு, நாலு ஸ்பீக்கர் எட்டின தூரத்துக்கும் சேர்த்து இறங்கிற்று.

எல்லோருக்கும் புரிந்தது. அவனுக்கு எல்லோருக்கும் முன்னால் புரிந்தது. அவன் அம்மாவைப் பார்த்தான். தலைமுடி நெற்றியில் ஒட்ட, முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் அவளும் அவனைப் பார்த்தாள். பிறகு மறுபடி மைக்கைக் கிட்டத்தில் இழுத்துச் சொன்னாள்:

"நாளைக்கு நானே கூடப் போயி, கையெழுத்துப் போட்டு, சேத்துவிட்டுட்டு வருவேன்."

மழை நின்றது. குழாயை மூடின மாதிரி நின்றது. சொட்டுகிற சத்தம் மட்டும் இருந்தது, அந்தச் சத்தத்தில் அவன் மூக்கை உறிஞ்சியது ஸ்பீக்கரில் கேட்டது.

"ஆத்தா, அது வேணாம், மொதல்ல சொன்னதச் சொல்லு!" என்று கூட்டம் கத்திற்று.

அவள் இறங்கிவிட்டாள். அதனால் சீனி நைனா ஏறினார். "மாப்ளே, பூச்சிப் படிப்பு ரொம்ப ஒசந்த படிப்பு" என்றார், நல்ல மழை. திலகராணி, "நமதூரின் முதல் விலங்கியல் மாணவரை வாழ்த்துவதில் பெருமகிழ்ச்சி அடைகிறேன்" என்றார், இடியோடு மழை. பெரிய வரிசை சேர்ந்துவிட்டது. தெரிந்தவர், தெரியாதவர், பக்கத்து ஊர்க்காரர், எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக ஏறி அவன் கையைப் பிடித்துக் குலுக்கி மனமார வாழ்த்த வாழ்த்த, வாழ்த்துக்கு வாழ்த்து மழை வலுத்தது. முழங்கால் வரை நனைந்து தொங்கிய மாலையோடு நின்று அத்தனை வாழ்த்தையும் வாங்கிக்கொண்டவன், தன்மேல் ஊர் வைத்திருக்கிற நம்பிக்கையின் அளவை அங்குலம் அங்குலமாகத் தெரிந்துகொண்டான். இத்தனை காலம் இவர்கள் சொன்ன பொய்களுக்கு எல்லாம் ஏன் பெய்யவில்லை என்று யாரும் கேட்கவில்லை, கேட்டு, நின்றுவிட்டால்?

கடைசியாக, ஸ்பீக்கரைக் கழற்ற வந்த பூவலிங்கம், யாரும் கூப்பிடாமலே மைக் முன்னால் நின்றார். வாழ்த்தத்தான் போகிறார் என்று நினைத்தார்கள்.

"லாரி சும்மா நிக்கிறதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல" என்றார்.

அன்றைக்குப் பெய்ததில் அதுதான் பெரிய மழை. மேல்படி இரண்டும் அதில்தான் மூழ்கின. தர்மமுனீஸ்வரன் ஓடிப்போய் அப்பாவோடு சேர்ந்து ஸ்பீக்கர்களைத் தூக்கினான். ஒவ்வொன்றாக லாரியில் ஏற்றினார்கள்.

மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டுக்கு அவனை வழியனுப்ப ஒருவரும் வரவில்லை. ஊர் வேலையாக இருந்தது. ஊரணிக் கரையில் ஒரு மருமகள் தன் மாமியாரைப் பற்றி நல்லபடியாகச் சொல்லிக்கொண்டிருந்தாள், அந்தப் பக்கம் மட்டும் கருத்துக் கிடந்தது. சீனி நைனா கடையில் இரண்டு பங்காளிகள் ஒருவர்மேல் ஒருவருக்கு இருக்கிற பாசத்தைச் சொல்லிக் கடைவாசலைக் குளமாக்கியிருந்தார்கள். தான் போனால் ஊர் காய்ந்துவிடும் என்று இரண்டு நாள் சோறு இறங்காமல் கிடந்ததை நினைத்தால் அவனுக்குக் காது சுட்டது. ஊருக்குத் தேவைப்பட்டது ஒரு பொய். அது எல்லோரிடமும் இருந்தது. அவனிடம் இருந்ததில் தனிச்சிறப்பு ஒன்றுமில்லை. நிம்மதியாகவும் இருந்தது, கொஞ்சம் கோபமாகவும் இருந்தது; மானாமதுரை தாண்டுகிற வரைக்கும் எது அதிகம் என்று பார்த்துக்கொண்டே போனான். பக்கத்தில் பஞ்சவர்ணம் காயாத சேலைத் தலைப்பை ஜன்னலுக்கு வெளியே பிடித்து உலர்த்திக்கொண்டு வந்தாள்.

கையெழுத்துப் போட்டாள். பெயரை முழுசாக, நிதானமாக, பேனாவை அழுத்திப் போட்டாள். ஜெபக்கனி அதை வாங்கி மேசையில் போட்டுவிட்டு, அவனுக்கு ஒரு வெள்ளைக் கோட்டையும் ஒரு தட்டையும் கொடுத்தார். தட்டில் கரப்பான்பூச்சி. அவன் எத்தனையோ நாள் மனசுக்குள்ளேயே செய்து பார்த்த வேலை. ஊசியைப் பிடித்ததும் அவசரமாகக் குத்தி இழுத்தான். மேலுதடு எங்கே போயிற்று என்று தெரியவில்லை, தாடை ஒன்று தெறித்துப் பக்கத்து மாணவன் சட்டையில் ஒட்டிக்கொண்டது, தகட்டில் கடைசியாக மிஞ்சியதை ஜெபக்கனி லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, "இது கரப்பான் வாயா, கடலை மிட்டாயா? போ, நாளைக்கு வா, வேற தரேன்" என்றார். வகுப்பு சிரித்தது. அவனும் சிரித்தான்.

வராந்தாவில், தூணோரமாகப் பையை மடியில் வைத்துக்கொண்டு அம்மா உட்கார்ந்திருந்தாள்.

"என்ன, முடிஞ்சுச்சா?"

"கெடுத்துட்டேம்மா. சுத்தமா வரல. ஒரு தாடை பறந்தே போச்சு." சொல்லும்போதே அவன் கை காற்றில் ஊசியைப் பிடித்து, எந்த இடத்தில் தவறிற்று என்று காட்டிக்கொண்டிருந்தது. "நாளைக்கு இன்னொண்ணு குடுப்பாங்களாம். மொதல்ல தலையத் தண்ணியில ஊற வச்சிருக்கணும்மா, நான் அவசரப்பட்டுட்டேன், அந்த மூட்டுல மட்டும் மெதுவா நெம்புனா முழுசா வரும்."

பஞ்சவர்ணம் அவன் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"எத்தனை மணிக்குத் தொறப்பாக?"

"ஒம்பதுக்கு."

"எட்டரைக்கே போயி நில்லு" என்றாள். "பிந்திப் போனா நல்ல பூச்சிய வேற எவனாச்சும் எடுத்துக்கிருவான்."